காயலுக்கும் கதவு எண்ணுக்கும் நடுவே

2019 செப்டம்பர் 10, திருவோணத்துக்கு முந்தின நாள். மரடு நகராட்சி ஊழியர்கள் காயல் கரையில் நின்ற நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நோட்டீஸ் கொண்டுவந்தார்கள். ஐந்து நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கையில் வாங்கிக்கொள்ள ஆள் வராததால் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்கள். கேரளத்தில் அன்று உத்திராடப் பாய்ச்சல். காய்கறியும் பூவும் புதுத் துணியும் வாங்க ஊரே கடைத்தெருவில் முட்டிமோதும் நாள். மறுநாள் இலை போட்டு விருந்து பரிமாற வேண்டிய குடும்பங்கள் நகராட்சி அலுவலகத்தின் முன்னால் உண்ணாவிரதம் உட்கார்ந்தன.

நான் தூத்துக்குடிக்காரன். பிழைப்புக்காகக் கொச்சி வந்து, மரடு நகராட்சிக்குள் அடங்கிய நெட்டூரில் ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தேன். ஐஸ் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதும் வேலை. நெட்டூரில் ஏதாவது ஒரு சந்தைப் பிடித்து நடந்தால், கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வந்துவிடும். வேம்பநாட்டுக் காயல் அந்த ஊருக்குள் அத்தனை இடுக்கிலும் கை நீட்டிக் கிடக்கிறது. இந்தியாவின் மிக நீளமான ஏரி என்று பெயர் பெற்றது. 2002 முதல் ராம்சர் ஒப்பந்தத்தின் கீழ் வரும் ஈரநிலம். கடல் ஓதம் உள்ளே வந்து ஏறும், வற்றும். கரையில் வாழ்கிறவனுக்கு அதுதான் கடிகாரம்.

சட்டமும் அந்த ஓதத்தைத்தான் பிடித்துக்கொண்டது. 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1991 பிப்ரவரியில் மத்திய அரசு கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. எல்லாரும் சி.ஆர்.இசட். என்றே சொல்கிறார்கள். கடற்கரை மட்டுமல்ல, கடல் ஓதம் வந்து போகும் ஆறு, கழிமுகம், காயல் எல்லாவற்றின் கரையும் அதற்குள் வரும். வளர்ச்சியடையாத ஊரகப் பகுதி மூன்றாம் மண்டலம். அங்கே காயல் கரையிலிருந்து 100 மீட்டருக்குள், அல்லது நீர்நிலையின் அகலம் அதைவிடக் குறைவென்றால் அந்த அகலத்துக்குள், புதுக் கட்டிடம் கூடாது என்பது அன்றைய விதி. அனுமதி கேட்டு வரும் மனுக்களை உள்ளாட்சி அமைப்பு மாநிலத்தின் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்துக்கு அனுப்பி, அதன் ஒப்புதலைப் பெற்ற பிறகே கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

2006-இல் மரடு நகராட்சி ஆகவில்லை. கிராமப் பஞ்சாயத்தாக இருந்தது. அந்த ஆண்டு, ஆணையத்தின் ஒப்புதல் இல்லாமலே, காயலை ஒட்டி மாடி மாடியாகக் கட்டுவதற்குப் பஞ்சாயத்து அனுமதி கொடுத்தது. மறு ஆண்டே, மேலிடத்திலிருந்து கேள்வி வந்ததும், அனுமதியை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று அதே பஞ்சாயத்து நோட்டீஸ் விட்டது. கட்டுமான நிறுவனங்கள் கேரள உயர் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கின. வழக்கு உள்ளே நடந்தது, கட்டிடம் வெளியே வளர்ந்தது. 2012-இல் தனி நீதிபதியும், 2015-இல் இருவர் அமர்வும் உள்ளாட்சியின் தவறுக்காக அனுமதி பெற்றவரைத் தண்டிக்க முடியாது என்ற வகையில் தீர்ப்பளித்தார்கள். அதற்குள் வீடுகள் விற்றுப்போய், குடியேறி, குழந்தைகள் பிறந்து பள்ளிக்கூடம் போகவும் தொடங்கிவிட்டன. கடலோர ஆணையம் மட்டும் விடாமல் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருந்தது. 2019 மே 8-ஆம் தேதி, நீதிபதிகள் அருண் மிஸ்ராவும் நவீன் சின்ஹாவும் ஒரு மாதத்துக்குள் இடிக்கச் சொல்லித் தீர்ப்பு எழுதினார்கள்.

எச்டூஓ ஹோலி ஃபெய்த், ஆல்ஃபா செரீன், ஜெயின் கோரல் கோவ், கோல்டன் காயலோரம். நான்கு பெயரும் அந்தக் கோடையில் மலையாளத் தொலைக்காட்சியில் மாறி மாறி ஓடின. எல்லாமாகச் சேர்த்து முந்நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள்.

என் வீட்டுக்கார சேட்டன் இளமையில் காயலில் ஊன்னி வலை போட்டவர். நீரோட்டத்தில் கழிகளை ஊன்றி, வற்றம் தொடங்கும்போது வலையின் வாயைத் திறந்துவைத்து, கடலை நோக்கி ஓடும் நீரில் வரும் இறாலைப் பிடிக்கும் முறை அது. கழி ஊன்றும் இடத்துக்கு அரசு உரிமம் உண்டு. தண்ணீருக்குள் ஒரு கழி நடுவதற்கு ஒழுங்கும் தாளும் முத்திரையும் பார்த்து வளர்ந்த ஆள் அவர். கரையில் பைல் இறக்கும் எந்திரம் வந்து நின்ற காலத்தைப் பற்றிக் கேட்டேன்.

“அண்ணாச்சி, அன்னிக்கு நாங்க யாரும் சட்டம் பேசல. வேலை கிடைக்கும்னு பேசினோம். சிமென்ட் லாரி வந்தா டீக்கடைக்கு யாவாரம். இவ்வளவு பெருசா கட்டறவன் கடலாசு இல்லாமலா கட்டுவான்னு நெனச்சோம்” என்றார்.

மலையாளத்தில் கடலாசு என்றால் காகிதம். காகிதம் இருக்கத்தான் இருந்தது. அதை நம்பித்தான் வங்கிகள் கடன் கொடுத்தன, பதிவாளர் பத்திரம் பதிந்தார், மின்வாரியம் இணைப்புக் கொடுத்தது, நகராட்சி ஆண்டுதோறும் வரி வசூலித்தது. அரசின் ஒரு கை ‘இது கூடாது’ என்று வழக்காடிக்கொண்டிருந்தபோது, மற்றொரு கை ரசீது கிழித்துக்கொண்டிருந்தது.

எனக்குத் தெரிந்த ஒருவர் அந்த நான்கில் ஒன்றில் குடியிருந்தார். வளைகுடாவில் உழைத்துத் திரும்பிய மனிதர். ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்க வரும்போது எங்கள் கம்பெனி வாசலில் நின்று பேசுவார். செப்டம்பர் முழுக்க அவர் பேச்சில் எண்கள் மட்டுமே இருந்தன. மறு ஆய்வு மனு எண், தேதி, நீதிமன்ற அறை எண். வழக்கு நடந்த அத்தனை ஆண்டும் தங்களை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை என்பதுதான் அவருடைய முதல் வாதம், கடைசி வாதம். 2019 பிப்ரவரியில் ஒப்புதல் பெற்ற புதிய கடலோர வரைபடத்தில் மரடு மூன்றாம் மண்டலத்திலிருந்து இரண்டாம் மண்டலமாக மாறிவிட்டது, இன்றைக்கு விண்ணப்பித்தால் இதே இடத்துக்கு வேறு விதி என்பது இரண்டாவது வாதம். அனுமதி கொடுத்த 2006-இல் இருந்த விதியே செல்லும் என்று நீதிமன்றம் முடித்துவிட்டது. 2018 ஆகஸ்டில் கேரளத்தை மூழ்கடித்த வெள்ளத்தை நீதிபதிகள் ஞாபகப்படுத்தினார்கள். தலைமைச் செயலாளரை டெல்லிக்கு வரவழைத்துக் கண்டித்தார்கள்.

சட்டசபையில் எதிரும் புதிருமாக இருந்த கட்சிகள் இந்த விஷயத்தில் குடியிருப்போர் பக்கம் நின்றன. கட்டியவர்களோ, வீடுகளை விற்றுவிட்டோம், இனி எங்களுக்குப் பொறுப்பில்லை என்று நகராட்சிக்குப் பதில் அனுப்பியதாகச் செய்தி வந்தது. நகராட்சி மன்றம் தயங்கியது. மாநில அரசு ஃபோர்ட் கொச்சி சப் கலெக்டர் ஸ்நேஹில் குமார் சிங்கிடம் நகராட்சிச் செயலர் பொறுப்பைக் கொடுத்து, இடிக்கும் வேலையை ஒப்படைத்தது.

செப்டம்பர் 26 விடியற்காலையில் மின்சாரமும் குடிநீரும் துண்டிக்கப்பட்டன. இரவானால் கரையில் வரிசையாக வெளிச்சம் காட்டும் கட்டிடங்கள் இருண்டுபோயின. மறுநாள் உச்ச நீதிமன்றம் இடிப்புக்கு 138 நாள் கால அட்டவணையை ஏற்றுக்கொண்டது. உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் இடைக்கால இழப்பீடாக 25 லட்சம் ரூபாய் மாநில அரசு கொடுக்க வேண்டும், அதைப் பிறகு கட்டியவர்களிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்றது. அதைக் கவனிக்க ஓய்வு பெற்ற நீதிபதி கே. பாலகிருஷ்ணன் நாயர் தலைமையில் ஒரு குழு.

அக்டோபர் 3 கடைசி நாள். மூட்டை கட்டுவதற்காக மின்சாரத்தையும் தண்ணீரையும் திரும்பக் கொடுத்திருந்தார்கள். ஒரே வாரத்தில் அத்தனை குடும்பமும் வீடு தேடியதில் சுற்றுவட்டாரத்தில் வாடகை எகிறியது. எங்கள் சந்திலேயே மூன்று பேர் வந்து காலி மாடி இருக்கிறதா என்று கேட்டார்கள். லாரிகள் வரிசைகட்டி நின்றன. லிஃப்டுக்குக் காத்திருந்து பொறுமை இழந்தவர்கள் அலமாரியைப் படி வழியாக இறக்கினார்கள். ஏ.சி., குழாய், கதவு, ஜன்னல், சமையலறைப் பலகை என்று கழற்ற முடிந்ததையெல்லாம் கழற்றினார்கள். எனக்குத் தெரிந்தவர் பூஜை அறையின் தேக்குக் கதவை மட்டும் எங்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் வைத்துவிட்டுப் போனார். வீட்டுக்கார சேட்டன் அதைக் கரையான் அரிக்காமல் செங்கல் மேல் தூக்கி வைத்தார்.

இழப்பீடு கணக்கிடும்போது ஒரு வேடிக்கை வெளியே வந்தது. குழு முதலில் சிலருக்கு 13 லட்சம் அளவில்தான் சிபாரிசு செய்தது. பத்திரத்தில் எழுதியிருந்த விலை அவ்வளவு குறைவு. முத்திரைத் தீர்வையை மிச்சம்பிடிக்க விலையைக் குறைத்து எழுதும் வழக்கம் நம் பக்கமும் உண்டு. கணக்கு எழுதுகிறவனுக்கு அது புதிதல்ல. அக்டோபர் கடைசியில் உச்ச நீதிமன்றம், எல்லாருக்கும் 25 லட்சம் என்று சொன்னதைச் சொன்னபடி கொடுங்கள் என்றது. அந்த மாதமே குற்றப்பிரிவுப் போலீஸ் பழைய பஞ்சாயத்துச் செயலரையும் இன்னோர் ஊழியரையும் ஒரு கட்டுமான நிறுவனத் தலைவரையும் கைது செய்தது. கையெழுத்துக்குப் பதின்மூன்று ஆண்டு கழித்துக் கைவிலங்கு.

அதற்குப் பிறகுதான் எங்கள் முறை வந்தது. மரடைப் பற்றி எழுதப்பட்டதில் பெரும்பகுதி மாடியில் இருந்தவர்களைப் பற்றியது. மாடியின் நிழலில் இருந்தவர்கள் கடைசி மூன்று மாதம் எப்படி இருந்தோம் என்பது அதிகம் பேசப்படவில்லை. மூன்று கட்டிடங்களை மும்பையின் எடிஃபைஸ் நிறுவனம் தென்னாப்பிரிக்காவின் ஜெட் டெமாலிஷனோடு சேர்ந்து எடுத்தது. ஆல்ஃபா செரீனின் இரட்டைக் கோபுரம் சென்னையின் விஜய் ஸ்டீல்ஸுக்குப் போனது. டீக்கடையில் தமிழ்க் குரல்கள் கேட்கத் தொடங்கின. உள்சுவர்களை உடைத்து வெறும் தூணாக்குவது முதல் வேலை. பகல் முழுக்க டிரில்லிங் சத்தம். பிறகு தூண்களில் வரிசையாகத் துளை போட்டு, வெடிமருந்து திணித்து, சிதறாமலிருக்கக் கம்பி வலையாலும் கனத்த துணியாலும் சுற்றினார்கள்.

ஆல்ஃபா செரீனைச் சுற்றியிருந்த வீடுகளில் சுவர் விரிசல் கண்டது. அங்கே இருந்தவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். மாடியில் இருந்தவருக்கு உச்ச நீதிமன்றம் நஷ்டஈடு எழுதிக் கொடுத்திருக்கிறது, எங்கள் சுவருக்கு யார் எழுதிக் கொடுப்பார் என்று கேட்டார்கள். சட்டத்தை மீறிக் கட்டாதவர்கள், மீறியதை வாங்காதவர்கள், அதைத் தடுத்து நிறுத்தும் அதிகாரமும் இல்லாதவர்கள் அவர்கள். சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்து ஒரு குழு வந்து அதிர்வை அளக்கும் கருவிகளைப் பொருத்தியது. கருவியைப் பார்த்துச் சிலருக்குத் தைரியம் வந்தது; சிலருக்குப் பயம் கூடியது.

எனக்கு மவுலிவாக்கம் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. 2014-இல் சென்னைப் புறநகரில் பதினோரு மாடி தானே சரிந்து 61 பேரைக் கொன்றது. பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டிடத்தை 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்ததை டி.வி.யில் பார்த்தேன். அது நிற்க லாயக்கில்லாதது என்று இடித்தார்கள். மரடில் இருந்தவை உறுதியானவை. அவற்றின் குற்றம் நின்ற இடம்.

2020 ஜனவரி 11, சனிக்கிழமை. இருநூறு மீட்டர் தொலைவுக்குள் இருந்தவர்கள் காலையிலேயே வெளியேற வேண்டும். மின்சாரத்தை அணைக்கவும், ஜன்னல்களை அடைத்துவைக்கவும், ஆடு மாடு, நாய் பூனையையும் கூட்டிச் செல்லவும் சொல்லியிருந்தார்கள். 144 தடையுத்தரவு. எங்கள் வீடு எல்லைக்குள்ளே விழுந்தது. என் மனைவி ரேஷன் கார்டையும் மகளின் பள்ளிச் சான்றிதழ்களையும் நகையையும் ஒரே பையில் போட்டுக்கொண்டாள். சேட்டனின் மனைவி, சேச்சி, கோழிகளைக் கூடையில் அடைத்து முன்தினமே உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். போகும்போது சுவரைச் சுற்றி வந்து, ஏற்கெனவே இருந்த கீறல்களைப் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி வைத்தார் சேட்டன். நாளை யாராவது கேட்டால் பழையது எது, புதியது எது என்று சொல்ல வேண்டுமே.

எல்லைக்கு வெளியே ஒரு மொட்டை மாடியில் நின்றோம். காயல் கரையின் ஒவ்வொரு மாடியிலும் பாலத்தருகிலும் திருவிழாக் கூட்டம். பதினொரு மணி என்று சொன்னது தள்ளிப்போனது. கடற்படை ஹெலிகாப்டர் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுப் போன பிறகுதான் கடைசி சைரன். பதினொன்றே காலைத் தாண்டி, ஹோலி ஃபெய்த்தின் பத்தொன்பது மாடி இடுப்பு ஒடிந்ததுபோல் உட்கார்ந்தது. சில விநாடிதான். சத்தம் நெஞ்சுக்குள் வந்து இறங்கும் முன்பே கட்டிடம் இல்லை. வெண்தூசு கிளம்பிப் பாலத்தை மறைத்தது. ஏறக்குறைய அரை மணி நேரத்தில் ஆல்ஃபா செரீனின் இரண்டு கோபுரமும் விழுந்தன. இடிபாட்டின் ஒரு பகுதி காயலுக்குள் போனது. கூட்டம் கைதட்டியது. விசில் அடித்தது. சேச்சி மட்டும் திரும்பிப் பார்த்து, “அது ஆளுங்க இருந்த வீடாக்கும்” என்றார். தட்டியவர்களில் இரண்டு பேர் நிறுத்தினார்கள்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஜெயின் கோரல் கோவ், பிற்பகல் இரண்டரை வாக்கில் கோல்டன் காயலோரம். காயலோரத்தை ஒட்டி, சில மீட்டர் தள்ளி, ஓர் அங்கன்வாடி இருந்தது. அதைப் போர்த்திவைத்திருந்தார்கள். சுற்றுச்சுவரில் சேதத்தோடு அது தப்பியது. இரண்டு நாளிலும் ஓர் உயிருக்கும் ஆபத்தில்லை. பொறியாளர்கள் தங்கள் வேலையைச் சுத்தமாக முடித்தார்கள். 2006-இல் இதில் பாதிக் கவனம் ஒரு கோப்பின் மேல் இருந்திருந்தால் அவர்கள் வரவே வேண்டியிருக்காது.

வீடு திரும்பினோம். சேட்டன் டார்ச்சோடு பென்சில் கோடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். எங்கள் சுவர் பிழைத்தது. பாயிலும் பாத்திரத்திலும் சிமென்ட் மாவு படிந்திருந்தது. இடிபாடு எழுபதாயிரம் டன்னுக்கும் மேல். கான்கிரீட்டை உடைத்துக் கம்பியை உருவும் எந்திரங்கள் வாரக்கணக்கில் ஓடின. காயல் நீரையே இறைத்துத் தூசியின் மேல் அடித்தார்கள். எங்கள் சந்தில் நெபுலைசர் இல்லாத வீடு குறைவு. இடிபாட்டை அகற்றும் முறையைப் பசுமைத் தீர்ப்பாயம் அமைத்த கண்காணிப்புக் குழுவே குறை சொன்னது. காயலைக் காக்க வந்த தீர்ப்பு, காயலுக்குள் விழுந்த கல்லையும் பொறுக்கவேண்டியதாயிற்று.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது சேட்டனின் தங்கைக்குத் தூக்கம் போயிருந்தது. அவர் காயலின் தெற்குக் கரையில், வேறொரு கிராமப் பஞ்சாயத்தில் இருக்கிறார். கக்கா என்ற சிப்பியை வாரிப் பிழைக்கும் குடும்பம். ஓலை வீட்டை ஓட்டு வீடாக்க விண்ணப்பித்தபோது, அளவு நாடாவோடு வந்து பார்த்துவிட்டு, கரைக்கு ரொம்பப் பக்கம், முடியாது என்று எழுதிவிட்டார்கள். ஓலை மழைக்குத் தாங்காததால் அனுமதி இல்லாமலே கட்டினார். கிடைத்தது யு.ஏ. எண்: அங்கீகாரமற்ற கட்டிடத்துக்கு உள்ளாட்சி போடும் கதவு எண். வரி கட்டலாம், ஆனால் உரிமை கிடையாது. அந்த எண்ணைக் காட்டினால் வங்கிக் கடன் கிடைப்பதில்லை. மரடுக்குப் பிறகு கேரளம் முழுக்கக் கரை விதியை மீறிய கட்டிடங்களைப் பட்டியல் எடுக்க உத்தரவு வந்தது. ஆயிரக்கணக்கில் வந்த அந்தப் பட்டியலில் ரிசார்ட்டும் இருந்தது, மீனவர் வீடும் இருந்தது. கரையோரம் பரம்பரையாக வாழ்கிறவர்கள் வீட்டைச் சீர்செய்ய விதியிலேயே சில சலுகைகள் உண்டு. அதை அவருக்கு எடுத்துச் சொன்ன அதிகாரி யாரும் இல்லை.

மரடு இடிப்புக்கு முந்தின நாள்தான், ஆலப்புழை மாவட்டத்தில் பாணாவள்ளிப் பஞ்சாயத்தின் நெடியதுருத்துத் தீவில் கட்டப்பட்டிருந்த கேபிகோ ரிசார்ட்டையும் இடிக்க உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதில் முதல் மண்வெட்டி விழ 2022 செப்டம்பர் ஆயிற்று. குடும்பங்கள் வாழ்ந்த மாடிகள் எட்டே மாதத்தில் விழுந்தன. விருந்தினர் இல்லாத வில்லாக்களுக்கு இரண்டரை ஆண்டு அவகாசம்.

இடித்தது தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காயல் எவனுடைய பத்திரத்திலும் இல்லாதது. மாடியிலிருந்து காயல் தெரிகிறது என்று சதுர அடிக்கு விலை கூட்டி விற்றால், கரையில் நிற்கிறவன் கண்ணிலிருந்து அதைப் பிடுங்கித்தான் விற்க வேண்டும். ஆனால் கரையைக் காக்கும் இடம் டெல்லி அல்ல. மேசை மேல் ஒரு மனு வந்து விழும் அந்தப் பஞ்சாயத்து அறைதான். அங்கே ஒருவர் நாடாவை நீட்டி, 100 மீட்டர் இல்லை என்று எழுதித் திருப்பியிருந்தால், நிலம் வாங்கியவருக்குக் கொஞ்சம் நஷ்டம், அதோடு முடிந்தது. எவனும் செய்தி போட்டிருக்க மாட்டான். அந்த ஒரு வரி எழுதப்படாததால் முந்நூறு குடும்பம் தெருவுக்கு வந்தது, அரசு கோடிக்கணக்கில் கொடுத்தது, அக்கம்பக்கம் தூசியைச் சுவாசித்தது. அதே நாடா கக்கா வாருகிற பெண்ணின் வீட்டுக்கு மட்டும் தவறாமல் வந்து சேர்ந்தது.

சில மாதம் கழித்து அந்தத் தங்கை தன் ஊர் கிராமசபைக்குப் போனார். சேட்டனோடு நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். காயல் கரையில் யார் கட்ட மனுக் கொடுத்தாலும், மனுவையும், கரையிலிருந்து எத்தனை மீட்டர் என்பதையும், ஆணையம் என்ன பதில் சொன்னது என்பதையும் அலுவலகத்தின் வெளிப் பலகையில் மலையாளத்தில் எழுதி ஒட்ட வேண்டும் என்று கேட்டார். எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்றார் ஓர் ஊழியர். “கம்ப்யூட்டரில் 2006-லும் இருந்திருக்கும். நாங்கள் நடந்து போகும்போது படிக்கிற மாதிரி வேணும்” என்றார் அவர். நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதினார்கள். எழுதியதை அவர் உரக்கப் படிக்கச் சொன்னார். ‘மீட்டர்’ என்ற சொல் விட்டுப்போயிருந்தது. அதைச் சேர்க்க வைத்து, மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.